புளி பட்ட பவளம்

கமரக்காவிடம் கல் வாங்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் ராசியைச் சொல்வார்கள். மேஷம், செவ்வாய் ஏழில், ஜோசியர் பவளம் போடச் சொன்னார் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். கமரக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் காதில் வாங்கிக்கொண்டு, "சரிங்க, கையால என்ன வேலை பாப்பீங்க?" என்று கேட்பார். வந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். நான் கிரகத்தைப் பற்றிச் சொல்கிறேன், இந்த அம்மா சம்பளம் கேட்கிற மாதிரி வேலையைக் கேட்கிறதே என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்து என் வேலையைப் பார்ப்பேன்.

என் பெயர் அருள்நாதன். நகை ஆசாரி. திண்டுக்கல் மேற்கு ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில், கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற ஓர் அறை எங்கள் கடை. இடப்பக்கம் கமரக்காவின் மேசை, வலப்பக்கம் என் பட்டறை. கல்லை அவர் தேர்ந்து கொடுப்பார், மோதிரமோ தோடோ பதக்கமோ நான் செய்து கல்லைப் பதிப்பேன். எனக்குக் கோபம் வரும், அவருக்கு வராது. அதனால்தான் இந்தக் கடை இன்னும் ஓடுகிறது என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

கமர்ஜஹான் என்பது முழுப்பெயர். பேகம்பூர்க்காரர். அவருடைய கணவர் முகமது பாரூக் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர். அந்த வேலை குறைந்தபோது திருச்சியில் ஒரு சொந்தக்காரர் மூலமாகக் கல் வியாபாரத்துக்கு வந்தார். கொள்முதலுக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போவார். தோலில் இருக்கிற குறை அவர் கண்ணுக்குத் தெரியும், கல்லில் இருக்கிற குறை அந்தம்மா கண்ணுக்குத் தெரியும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். கொரோனாவின் இரண்டாவது அலையில் பாரூக் பாய் போய்விட்டார். கணவன் போனபின் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாக் காலம் முடிந்ததும் கொழுந்தனார் வந்து கடையை மூடச் சொன்னார். மறுநாள் கமரக்கா இளம்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்து ஷட்டரைத் தூக்கினார். கல்யாணமான பெண்கள் போடும் கருகமணி மட்டும் கழுத்தில் இல்லை.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். வேலையை ஏன் கேட்கிறார் என்றால், கல்லுக்கும் உடம்பு உண்டு என்பது அவர் கணக்கு. சிமெண்டில் கை வைக்கிறவருக்கு முத்து தாங்காது. அடுப்படியில் நிற்கிறவருக்கு மரகதம் சீக்கிரம் கெட்டுப்போகும். நத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் மரகதம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தபோது, "கத்தியும் கம்பும் பிடிக்கிற கை, ஒரே இடியில போயிரும், மோதிரம் வேணாம், டாலராப் போட்டுக்கங்க" என்று கழுத்துக்கு மாற்றிவிட்டார். கல்லை வெள்ளைத் துணியில் வைத்துக் காட்ட மாட்டார். வெள்ளையில் எந்தக் கல்லும் நல்ல கல்லாகத்தான் தெரியும் என்பார். போட்டுக்கொள்ளப் போகிறவரின் உள்ளங்கையை நீட்டச் சொல்லி அதில் வைப்பார். வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு இதை எடுத்துக்கொள் என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவார். மூடிவிட்டால் காலில் விழுந்தாலும் அந்தக் கல் கிடைக்காது.

போன வைகாசியில் நத்தத்திலிருந்து ஆண்டிச்சாமி வந்தார். தங்கச்சி மகள் பவித்ராவுக்குக் கல்யாணம். பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம், மாப்பிள்ளைக்கு இல்லை. கீரனூர்ப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் யோசித்து யோசித்து, கல்யாணத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பெண் பவளம் போட்டுக்கொண்டால் சம்மதம் என்று இறங்கி வந்திருந்தார்கள். தாய்மாமன் செலவில் பவள மோதிரம். பெண்ணும் கூட வந்திருந்தாள். நூல் மில் ஆபீசில் வேலை, விரலெல்லாம் கீபோர்டு தட்டுகிற விரல்.

பெண்ணின் அம்மா அய்யம்மாளும் வந்திருந்தார். ஆனால் கடைக்குள் வரவில்லை. சந்தில், வெயிலில், வாசற்படிக்கு வெளியே நின்றார். கமரக்கா எட்டிப் பார்த்து, "உள்ள வாங்கம்மா, ஃபேன் ஓடுது" என்று கூப்பிட்டார்.

"பரவால்ல பாயம்மா, இங்கனயே நிக்கிறேன்."

ஆண்டிச்சாமி குரலைத் தாழ்த்தி, "மச்சான் தவறிட்டாருங்க. கல்யாண சாமானு பாத்தீங்களா, அது தொடக்கூடாது. அதுக்கே தெரியும்" என்றார். ஏதோ தங்கச்சிக்கு ஒரு சலுகை வாங்கிக் கொடுத்தவர் மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கமரக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவரும் கணவனை இழந்தவர் என்பது ஆண்டிச்சாமிக்குத் தெரியாது. பொட்டு இல்லை, தாலி இல்லை என்று பார்த்துக் கண்டுபிடிக்க அது அவர்கள் வழக்கம் இல்லையே.

அன்றைக்குக் கமரக்கா இரண்டு பவளத்தை எடுத்தார். இரண்டும் ஒரே கிளையில் அறுத்த ஜோடி. லென்சில் பார்த்தால் அறுத்த மரத்தில் ஓடுவது போல மெல்லிய கோடு ஓடும். கண்ணாடியில் வார்த்த போலியில் அந்தக் கோடு இருக்காது. பவித்ராவின் உள்ளங்கையில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து ஒன்றைத் தேர்ந்தார். ஆண்டிச்சாமியிடம், "இது கடல்ல விளையுற சாமான், கல்லு மாதிரி கெட்டி கெடையாது. புளி, எலுமிச்சம்பழம், சென்ட்டு, எதுவும் படக்கூடாது. வெறுந் தண்ணில கழுவி மெல்லிசுத் துணியில தொடைங்க, போதும்" என்றார். ஆண்டிச்சாமி தலையை ஆட்டினார். பவித்ரா மாப்பிள்ளை முகேஷ்குமாரோடு போனில் இருந்தாள். அய்யம்மாள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

நான் மோதிரம் செய்தேன். கல்லின் அடிப்பக்கம் விரலில் படவேண்டும் என்று அடியைத் திறந்தே வைத்தேன். தங்க வேலையெல்லாம் முடிந்து ஆறிய பிறகுதான் கல்லை உட்காரவைத்து, கல்லைப் பிடிக்கும் நான்கு தங்கக் காலையும் மடக்கினேன். பவளத்தை நெருப்புப் பக்கம் கொண்டுபோகிறவன் ஆசாரியே இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள், திங்கட்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். சந்து முனையில் கார் நின்றது. ஆண்டிச்சாமி முன்னால் வந்தார், முகம் கறுத்துப்போயிருந்தது. பின்னால் பவித்ரா, அழுது வீங்கிய கண். அவளுக்குப் பின்னால், பட்டுச் சேலையில், நெற்றி நிறையக் குங்குமமும் முகம் நிறைய மஞ்சளுமாக ஓர் அம்மாள். மாப்பிள்ளையின் தாயார், நாச்சம்மாள். நகை பார்க்க நத்தம் போனவர் நேராக இங்கே வந்திருக்கிறார். கடைசியாக அய்யம்மாள் வந்து, வழக்கம்போலப் படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

நாச்சம்மாள் உட்காரவில்லை. மோதிர டப்பாவைக் கமரக்காவின் மேசையில் வைத்துத் திறந்தார்.

"ஏனுங்க, இதுதான் நீங்க குடுத்த பவளமுங்களா?"

நான் எட்டிப் பார்த்தேன். சிவப்பாகக் கொடுத்த கல் சுண்ணாம்பு தடவியது போல வெளிறி இருந்தது. மினுமினுப்பு சுத்தமாகப் போய்விட்டது. தங்கம் மட்டும் பளபளவென்று மின்னியது.

"சாமி ரூமுல வச்ச மோதிரமுங்க. யாரும் போடலீங்க. பொட்டியத் தொறந்தா இப்புடி இருக்குது. செவப்பு வெளுத்தா என்ன அர்த்தமுங்க? உங்குளுக்குத் தெரியாதுங்களா?" படபடவென்று கேட்டார். கோபத்தில் இல்லை, பயத்தில். "எனக்கு ஒரே பையனுங்க. நாளைக்குச் செவ்வாய், வெள்ளிக்கெழம தாலி. என்ற பையன் உசுரோட வெளையாட முடியுமுங்களா? எனக்கு இப்பவே பதிலு தெரியோணும். இல்லீன்னா இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க."

பவித்ரா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். ஆண்டிச்சாமி கமரக்காவிடம் கை நீட்டிப் பேசினார். "போலியக் குடுத்துட்டியா பாயம்மா? நம்பி வந்தமே!" அடுத்த நொடி என் பக்கம் திரும்பினார். "இல்ல, ஆசாரி நெருப்புல காட்டிட்டானா?"

"யாருய்யா நெருப்புல காட்டுனது?" என்று நான் எழுந்துவிட்டேன். "இத்தன வருசத்துல எவனாச்சும் என்னப் பாத்து..."

"ஆசாரி, உக்காருங்க" என்றார் கமரக்கா.

உட்கார்ந்தேன். அவர் மோதிரத்தை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். லென்சை வைத்துப் பார்த்தார். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கல்லைப் பிடித்திருக்கும் காலுக்கு அடியில் ஊசி நுனியை விட்டு எதையோ நெம்பி எடுத்தார். பழுப்பாக ஒரு நார்த் துணுக்கு. மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு நாக்கு நுனியில் வைத்தார்.

அவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அய்யம்மாளின் கை வாசல் நிலையைப் பிடித்திருந்தது. விரல் நுனியும் நகமும் கரும்பழுப்பு. நத்தத்தில் புளித் தோப்புகளுக்குக் குறைவில்லை, பருவத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். அந்தக் கறை மாதக்கணக்கில் போகாது. அய்யம்மாள் கமரக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண் மட்டும் கெஞ்சியது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற கை, மகளின் மோதிரத்தையும் தேய்த்திருக்கிறது. தங்கம் மின்னியது அதனால்தான். தொடக்கூடாது என்று அண்ணன் விலக்கிவைத்த கை அது. இதைச் சொன்னால் கமரக்காவின் பெயர் தப்பும். கல் நல்ல கல்தான் என்று ஊருக்குத் தெரியும். ஆனால் நாச்சம்மாள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? தாலியறுத்தவள் மங்கலச் சாமானைத் தொட்டாள், கல் வெளுத்துவிட்டது. கல்யாணம் அந்த நிமிடமே நின்றுபோகும். அந்தத் தாய் ஆயுசுக்கும் மகள் முகத்தில் விழிக்க முடியாது.

சொல்லாவிட்டாலோ, கமரக்காவின் பெயர் போகும். கல் விற்கிறவருக்குப் பெயரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? போலிக் கல் கொடுத்தவர் என்று ரத வீதியில் ஒருமுறை பேச்சுக் கிளம்பினால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போகவேண்டியதுதான். கொழுந்தனார் அதற்குத்தான் காத்திருக்கிறார்.

சொல்லித் தொலைங்களேன் என்று மனதுக்குள் கத்தினேன்.

"புளி பட்டிருக்கு" என்றார் கமரக்கா. "கல்லு அசல்தான். புளி பட்டா பவளம் இப்பிடி ஆகும்."

"சாமி ரூமுல புளி எப்புடிங்க வரும்?"

கமரக்கா மோதிரத்தை மேசையில் வைத்தார். பிறகு, "கடையில பட்டிருக்கும்மா. நாந்தான். புளிச்சோறு சாப்டுட்டு சரியாக் கை கழுவாம பொட்டியக் கட்டியிருப்பேன். எந்தப்பு" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கல்லைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவுகிற பெண்மணி. வாயைத் திறந்தேன். கமரக்கா என்னைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

நாச்சம்மாளுக்கு அது போதவில்லை. அவருடைய கண் கமரக்காவின் கழுத்துக்குப் போயிற்று. "உங்குளுதுல கருகமணி போடுவாங்களே, நீங்க போடலீங்களா? உங்க ஊட்டுக்காரரு..."

"அவுக மவுத்தாகி சில வருசமாச்சும்மா."

நாச்சம்மாள் மேசையிலிருந்து ஓர் அடி பின்வாங்கினார். ஆண்டிச்சாமியைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் ஒடுங்கிப்போனார்.

"இப்பத் தெரியுதுங்களா? புளியாமே புளி! புளி பட்டு எங்கீங்க பவளம் வெளுக்கும்? எடுத்துக் குடுத்த கை அப்புடி. ஏனுங்க ஆண்டிச்சாமி, விசாரிக்காமயா மங்கலச் சாமான் வாங்குனீங்க?"

என் வாழ்நாளில் யாரையாவது அடிக்கலாம் என்று தோன்றியது அன்றைக்குத்தான். அதுவும் ஒரு பெண்பிள்ளையை. கர்த்தர் மன்னிக்கட்டும். கமரக்கா டப்பாவை இழுத்துத் திறந்து, ஜோடிப் பவளத்தில் மீதி இருந்ததை எடுத்தார்.

"இது அதே கெளையில அறுத்த கல்லு. அன்னைக்கே இவுகளும் பாத்தாக. ஆமாவா தம்பி?" ஆண்டிச்சாமி தலையாட்டினார். "அம்மா, நான் இதுக்கு மேல தொடல. நீங்க எடுங்க. முக்குக் கடையில புளி வாங்கியாரச் சொல்லுறேன். உங்க கையாலயே கரைங்க, உங்க கையாலயே போடுங்க. செத்த நேரம் பொறுங்க. வெளுக்கலேன்னா நான் போலிக்காரின்னு ஊரெல்லாம் சொல்லுங்க. நான் கடைய மூடிருதேன்."

பவளத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

புளி வாங்க நான்தான் ஓடினேன். கூடவே டீயும் சொன்னேன். நாச்சம்மாள் ஒரு டம்ளரில் புளியைக் கெட்டியாகக் கரைத்தார். வளையல் நிறைந்த கை, மஞ்சள் ஏறிய விரல். பவளத்தை எடுத்துப் பார்த்தார், நல்ல சிவப்பு. புளியை அதன்மேல் அப்பி, நாலு தேய் தேய்த்து, டம்ளருக்குள் போட்டார். பிறகு முதல்முறையாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

டீ வந்தது. யாரும் தொடவில்லை. ஃபேன் சுற்றியது. அந்தச் சூட்டில் ஃபேன் இருந்தென்ன, இல்லாமல் என்ன. எனக்குள் ஒரு பயம் புகுந்தது. எலுமிச்சை பட்டால் உடனே தெரியும், நான் பார்த்திருக்கிறேன். புளி எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும்? இவர்கள் பொறுக்கிற நேரத்துக்குள் செய்யுமா? நாச்சம்மாள் இரண்டு முறை டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். கமரக்கா கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. டீயில் ஆடை படிந்து சுருங்கியது.

"போதுமுங்க" என்று நாச்சம்மாள் விரலை விட்டுக் கல்லை எடுத்தார். தண்ணீரை ஊற்றிக் கழுவினார். முந்தானையில் துடைத்தார்.

மினுமினுப்பு போயிருந்தது. ஓரத்திலும் முதுகிலும் வெள்ளை பூத்திருந்தது. மோதிரத்தில் இருந்த கல் அளவுக்கு இல்லை. ஆனால் வெள்ளை வெள்ளைதான்.

நாச்சம்மாள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். வெள்ளை போகவில்லை. இன்னொரு முறை, அழுத்தித் தேய்த்தார்.

"உங்க கைதாம்மா" என்றார் கமரக்கா மெதுவாக. "மஞ்சக் கை. புளிக்கு அதெல்லாம் தெரியாது."

நாச்சம்மாள் கல்லைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சரிங்க. உங்க கையில புளி இருந்திருக்குது. போச்சு போங்க. வேற பவளம் காட்டுங்க. இந்த வாட்டி நானே எடுத்துக்கிறனுங்க" என்றார். கமரக்கா மறுபேச்சுப் பேசாமல் தட்டை அவர் பக்கம் திருப்பினார். விஷயம் முடிந்துவிட்டது. கல்யாணம் நடக்கும். கை கழுவத் தெரியாத பாயம்மா என்ற பெயரோடு கடையும் எப்படியோ ஓடும். எனக்கு மூச்சு வந்தது. கோபமும் வந்தது.

"நாந்தான் கழுவுனேன்."

எல்லோரும் திரும்பினோம். அய்யம்மாள் ஒரு காலைப் படிமேல் வைத்திருந்தார். உள்ளே வருவதா வேண்டாமா என்று அந்தக் கால் அங்கேயே நின்றது.

"பாயம்மா மேல ஒரு தப்புமில்ல. பூசை பண்ணி வச்சதுல சந்தனம், குங்குமமெல்லாம் மோதிர இடுக்குல போயி அடஞ்சு கெடந்துச்சு. எம் மக விரல்ல ஏறப்போறது, அழுக்கா இருக்கேன்னு மனசு கேக்கல. விடியக்காலைல ஒருத்தரும் எந்திரிக்கு முன்ன எடுத்து, புளி போட்டு ஊற வச்சுட்டேன். எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா தொடுவனா?"

"ஏய்! ஒன்ன யாரு தொடச் சொன்னது?" ஆண்டிச்சாமி கத்தினார். "அம்புட்டுச் சொன்னேனே, தொடாத, தொடாதன்னு!"

"தொடாதன்னுதானண்ணே சொன்ன. புளி ஆகாதுன்னு சொன்னியா?"

ஆண்டிச்சாமியிடம்தான் கமரக்கா சொல்லியிருந்தார். தொடவே கூடாதவளிடம் எதற்குச் சொல்வது என்று அவர் விட்டுவிட்டார்.

நாச்சம்மாள் எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார். வாசலைப் பார்த்தார். வாசலில் அய்யம்மாள் நின்றார், விலகவும் தெரியாமல், உள்ளே வரவும் தெரியாமல். கார் டிரைவரைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். பவித்ரா அழுகையை நிறுத்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"அத்த, புளி பட்டு வெளுத்துச்சுன்னு நீங்களே பாத்துட்டீங்க. எங்கம்மா கை பட்டு வெளுத்துச்சுன்னு இப்ப சொல்லாதீங்க. சொல்லுறதுன்னா நீங்க கெளம்பலாம்." அம்மாவின் கையை விடாமல் முடித்தாள். "நான் முகேஷ்கிட்ட பேசிக்கிறேன்."

நாச்சம்மாளின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் கவனித்தேன், பையை மாட்டிக்கொண்ட அந்த அம்மாள் இன்னொரு கையை இறுக மூடி வைத்திருந்தார். வெளுத்த பவளம் அதற்குள்தான் இருந்தது. கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

கையை விரித்தார். வெள்ளை பூத்த கல்லைப் பார்த்தார். அவருடைய மஞ்சள் விரல் பட்டு வெளுத்த கல். சிவப்பு வெளுத்தால் என்ன அர்த்தம் என்று கேட்டவரே அவர்தான். வீட்டில் அவருக்கும் கணவர் இருக்கிறார்.

"ஆசாரி" என்றார். "இது... மறுக்காச் செவக்குமுங்களா?"

"மேல் தோல்தாம்மா போயிருக்கு. உள்ள அதே செவப்புத்தான்."

"அப்ப செவப்பாக்கிக் குடுங்க. ரெண்டையுமே." பையைத் தோளிலிருந்து இறக்கினார். "புளிதானுங்க. வெறும் புளிதான்."

அவர் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தச் சந்தில் அந்த நேரத்தில், புளிதான் காரணம் என்று அவரைவிட அதிகமாக நம்ப வேண்டியிருந்தவர் யாரும் இல்லை.

நான் மோதிரத்தின் காலை நிமிர்த்திக் கல்லை வெளியே எடுத்தேன். நைசான எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்துக் கையாலேயே தேய்த்தேன். இயந்திரம் வைத்தால் சூடேறும். கடைசியில் பாரூக் பாய் எப்போதோ கொடுத்த மெல்லிய தோல் துண்டில் மெருகேற்றினேன். நாச்சம்மாள் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார். சிவப்பு ஓர் ஓரத்தில் எட்டிப் பார்த்தபோது "ஆங்" என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. சின்னக் குழந்தை போடுகிற சத்தம். முதலில் அவருடைய கல்லைத்தான் முடித்துக் கொடுத்தேன். வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மோதிரக் கல் கொஞ்சம் கரைந்து சிறுத்திருந்தது. காலை இன்னும் உள்ளே மடக்கிப் பதித்தேன். கமரக்காவிடம் நீட்டினேன். அவர் எழுந்து போய்ப் பின்பக்கக் குழாயில் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டு வந்தார். நாச்சம்மாள் அதைப் பார்த்தார். புளிச்சோறு கதையை யோசித்திருப்பார்.

கமரக்கா மோதிரத்தை லென்சில் பார்த்துத் திருப்தியானார். ஆண்டிச்சாமி கையை நீட்டினார். கமரக்கா அவரைத் தாண்டிப் போனார். பவித்ராவையும் தாண்டினார். அய்யம்மாளின் கையைப் பிடித்து விரித்து, அந்தப் பழுப்பு விரல்களுக்கு நடுவில், உள்ளங்கையில் வைத்தார். வாசல் வெளிச்சத்தில் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது கடல்ல விளையுற சாமான்மா, கல்லு மாதிரி கெட்டி கெடையாது" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். "புளி, எலுமிச்சம்பழம், சென்ட்டு, எதுவும் படக்கூடாது. வெறுந் தண்ணில கழுவி மெல்லிசுத் துணியில தொடைங்க, போதும். நாளைக்கு விரல்ல போடுறதுக்கு முன்ன ஒரு தடவ நீங்களே கழுவிருங்க."

அய்யம்மாள் நாச்சம்மாளைப் பார்த்தார். நாச்சம்மாள் தன் கல்லை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"சரி பாயம்மா" என்றார் அய்யம்மாள். "நானே கழுவிருதேன்."